தீயணைப்பு வேலைக்கு ஒரு சுயவிபரக் கோவை

பத்திரிகை அலுவலகத்தில் துணை ஆசிரியர் மேசையில் இருந்த காலத்தில், பிறர் எழுதியவற்றை வெட்டிச் சுருக்குவதே எனது தொழிலாக இருந்தது. ஓய்வு பெற்ற பின்னரும் அத்தொழில் என்னை விட்டபாடில்லை. மரண அறிவித்தல், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், வேலைக்கான விண்ணப்பம் என்று ஏதாவதொன்றை எடுத்துக்கொண்டு யாராவது வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். "ஐயா, ஒருக்கா பார்த்துத் தாங்க" என்பார்கள். நானும் பேனாவைத் தேடுவேன்.

அண்மையில் அவ்வாறு வந்தவர் கலஹாவுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்துத் தம்பி. தீயணைப்பு வீரர் பதவிக்கு ஆட்கள் கோரியிருக்கிறார்கள், விண்ணப்பத்தோடு சுயவிபரக் கோவையையும் இணைத்து அனுப்ப வேண்டும் என்றார். கண்டி நகரில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் 3 பக்கங்களில் அதைத் தயாரித்திருந்தார். முதல் பக்கத்தைச் சுற்றிப் பூவேலை. உள்ளே, 'கடின உழைப்பாளி', 'தலைமைத்துவப் பண்பு மிக்கவர்', 'எந்தச் சூழலிலும் பணியாற்றக் கூடியவர்' என்று வரிக்கு வரி புகழ்ச்சி. அந்தக் கடையில் அச்சிடப்படும் எல்லாக் கோவைகளிலும் இதே வரிகள்தாம் இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

"தம்பி, இப்போது என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

சற்றுத் தயங்கினார். தேயிலைக்கு நிழல் தரும் உயர்ந்த மரங்களில் ஏறிக் கிளை வெட்டுவது, உரம் வரும் நாட்களில் லொறியிலிருந்து மூட்டை இறக்கி மலைக்குச் சுமப்பது, இடையிடையே கம்பளையில் ஒரு மேசனுக்கு உதவியாளாகக் கூரை வேலைக்குப் போவது என்று மெல்லச் சொன்னார். இவற்றில் ஒன்றேனும் அந்த 3 பக்கங்களில் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அதெல்லாம் எழுதினா சிரிப்பாங்க ஐயா."

அந்தப் பதிலைக் கேட்ட பின்னர்தான் இந்த வேலையை நான் அக்கறையாக எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன். 1824 இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் தீயணைப்புப் படையொன்றை அமைக்கும் பொறுப்பு ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்ற இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஆட்களைத் தேடியது கூரை வேய்பவர், தச்சர், மேசன், குழாய் வேலைக்காரர், கொல்லர் ஆகியோரிடையே. கூரையில் நடந்து பழகியவனுக்கு உயரம் பயமில்லை. சுவர் கட்டியவனுக்கு எந்தச் சுவர் எப்போது சரியும் என்று தெரியும் என்பதே காரணம். பின்னர் லண்டனிலும் படைக்குத் தலைமை தாங்கிய அவர், 1861 இல் டூலி வீதித் தீயின்போது சுவர் இடிந்து விழுந்து உயிரிழந்தார். லண்டனில் அவருக்குப் பின் வந்த மெஸ்ஸி ஷோ, கப்பலில் வேலை செய்தவர்களையே விரும்பிச் சேர்த்தார். கயிறும் ஏணியும் இரவுக் காவலும் அவர்களுக்குப் புதியவை அல்ல.

ஆகவே, மரம் ஏறுவதும் கூரையில் நிற்பதும் மூட்டை சுமப்பதும் இந்தப் பதவிக்கு வெட்கப்பட வேண்டிய வேலைகள் அல்ல. அவைதாம் தகைமைகள். ஆனால் அவற்றை எழுதும் முறை ஒன்று உண்டு. 'உடற்பலம் மிக்கவர்' என்று எழுதினால் அது வெறும் புகழ்ச்சி. '50 கிலோ உர மூட்டையைச் சுமந்து மலைப்பாதையில் ஏறும் வேலையை 4 ஆண்டுகள் செய்துள்ளேன்' என்று எழுதினால் அது செய்தி. அமெரிக்காவில் பல தீயணைப்புப் படைகள் நடத்தும் உடற்தகுதித் தேர்வொன்றில், ஏறத்தாழ 22.7 கிலோ எடையுள்ள அங்கியை அணிந்துகொண்டு 8 வேலைகளை 10 நிமிடம் 20 விநாடிக்குள் முடிக்க வேண்டும்; படியேறும் பகுதியில் மேலும் 11 கிலோவுக்குச் சற்று அதிகமான எடை தோளில் ஏற்றப்படும். தோட்டத்துப் பிள்ளைகள் அன்றாடம் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

பேசிக்கொண்டிருக்கையில் இன்னொன்றும் வெளிவந்தது. அவர்களுடைய தோட்டத்தில் ஓர் இரவு லயன் வரிசையில் தீப்பிடித்திருக்கிறது. லயன்களைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு சொல்: நீண்ட வரிசைக்கு ஒரே கூரை. பல லயன்களில் அறைகளைப் பிரிக்கும் சுவர் கூரை வரை எட்டுவதில்லை. ஓர் அறையில் மூண்ட தீ அந்த இடைவெளியால் அடுத்த அறைக்கும் அதற்கடுத்த அறைக்கும் ஓடிவிடும். இந்தத் தம்பியும் வேறு இருவரும், தீ வந்துகொண்டிருந்த திசையில் இரண்டு அறைகள் தள்ளிக் கூரையில் ஏறித் தகரங்களைக் கழற்றி, மரச்சட்டங்களை வெட்டி, தீ ஓடும் வழியை அறுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னர் எரிவாயு சிலிண்டர்களை வெளியே எடுத்திருக்கிறார்கள். வரிசையின் மறுபாதி தப்பியது.

"இதை ஏன் எழுதவில்லை?"

"அது வேலையில்லையே ஐயா. சம்பளமும் இல்லை."

அதை 4 வரிகளில் எழுதினோம்: எப்போது, எங்கே, எத்தனை பேர், என்ன செய்தோம், என்ன விளைந்தது. செய்தியின் முதல் பந்திக்கு நாங்கள் வைத்திருந்த அதே கேள்விகள். 'வீரத்துடன்', 'உயிரைப் பொருட்படுத்தாது' என்ற சொற்களை நான் அனுமதிக்கவில்லை. அதற்கு உறுதி கூறக்கூடிய, உறவினரல்லாத ஒருவரின் பெயரைச் சான்றுரைப்போர் பகுதியில் சேர்க்கச் சொன்னேன்.

வெட்டியவற்றில் முக்கியமானது ஒன்று. 'முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர்' என்று ஒரு வரி இருந்தது. சான்றிதழைக் காட்டச் சொன்னேன். இல்லை. தட்டச்சு செய்தவர், 'எல்லாரும் போடுறதுதான்' என்று தாமாகவே சேர்த்துவிட்டாராம்.

இங்கே நான் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். ஒரு வரி என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன்னர், மலையகத்தில் ஒரு லயன் எரிந்த செய்தியை எழுதியபோது, 'தீயணைப்பு வாகனம் தாமதமாகவே வந்து சேர்ந்தது' என்று முடித்திருந்தேன். மறுவாரம் அவ்விடத்துக்குப் போன பின்னர்தான், தோட்டப் பாதையின் வளைவில் வாகனம் திரும்ப இயலாமல், வீரர்கள் இறங்கிக் குழாய்ச் சுருள்களைத் தோளில் சுமந்து மேடேறி வந்தார்கள் என்பதை அறிந்தேன். நான் விசாரிக்காமல் எழுதியது ஒரு வரிதான். அதற்குத் திருத்தம் போடவும் இல்லை. அந்த மனிதர்களுக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

பத்திரிகையில் பிழையான வரி ஒருவரின் மனத்தைச் சுடும். தீயணைப்பு வேலையில் பிழையான வரி ஆளையே கொல்லும். புகையில் மயங்கிய ஒரு குழந்தையைக் கையில் தந்து, 'நீதானே முதலுதவி படித்தவன்' என்று சக வீரர் கேட்கும்போது, கொமியூனிகேஷன் கடைக்காரர் வந்து நிற்க மாட்டார். வரியை வெட்டினோம். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இடையில் நாட்கள் இருந்தமையால், உண்மையாகவே ஒரு முதலுதவி வகுப்பில் சேர்ந்து, 'தற்போது பயின்று வருகிறேன்' என்று எழுதும்படி சொன்னேன். சேர்ந்துவிட்டார்.

மொழி என்ற தலைப்பில், 'தமிழ், சிங்களம்' என்று மட்டுமே இருந்தது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆயினும் ஏட்டில் உள்ள மொழி எரிகின்ற வீட்டு வாசலில் நிற்பவரின் வாயில் இருக்க வேண்டுமல்லவா? 'உள்ளே யார்?' என்று கேட்பவருக்கும் பதில் சொல்லும் பாட்டிக்கும் ஒரே மொழி தெரிந்திருந்தால், அந்த ஒரு நிமிடம் மிஞ்சும். 2018 மே மாதம் கண்டி யட்டிநுவர வீதியில் மாடிக் கட்டடமொன்று எரிந்தபோது, மேலே சிக்கிய பெற்றோர் தம் பிள்ளைகளைக் கீழே போட, தெருவில் நின்றவர்கள் ஏந்திக் காப்பாற்றினார்கள். ஏந்தியவர்கள் இனம் கேட்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் திகன, தெல்தெனிய பக்கங்களில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும், 1983 ஜூலையில் இதே நகரில் தமிழர் கடைகளும் எரிந்தபோது, தீ வைத்தவர்கள் இனம் பார்த்தே வைத்தார்கள். இத்தகைய ஊரில் எல்லா வீட்டாரோடும் பேசத் தெரிந்த தீயணைப்பு வீரர் வேண்டும். ஆகவே, 'தமிழ்: பேச, வாசிக்க, எழுத, சிங்களம்: சரளமாகப் பேச, வாசிக்க, ஓரளவு எழுத' என்று பிரித்து எழுதினோம். தெரியாததைத் தெரியும் என்று இங்கேயும் எழுதவில்லை.

இறுதியாக முகவரி. பல தோட்டங்களில் லயன் வீடுகளுக்கு வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்திலேயே ஒப்படைக்கப்படுகின்றன. நேர்முகத் தேர்வுக் கடிதம் அங்கே கிடந்து, நாள் கடந்த பின் கைக்கு வந்த கதைகள் மலையகத்தில் ஏராளம். ஆகையால், நிரந்தர முகவரியோடு, கடிதத் தொடர்புக்கு என்று கலஹா நகரில் கடை வைத்திருக்கும் அவருடைய மாமாவின் முகவரியையும், 2 தொலைபேசி இலக்கங்களையும் சேர்த்தோம். அறிவித்தலில் கேட்ட வரிசையிலேயே கல்வித் தகைமை, சாரதி அனுமதிப்பத்திரம், கிராம அலுவலர் சான்றிதழ் என்பவற்றின் பிரதிகளை அடுக்கினோம். உறையின் இடப்பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொன்னேன். சின்ன விடயம்தான், அதைச் செய்யாததால் ஒதுக்கப்படும் விண்ணப்பங்களும் உண்டு.

3 பக்கங்கள் ஒரு பக்கமாகின. பூவேலை போய்விட்டது. அவர் அதை இருமுறை வாசித்தார். பின்னர், மரம் வெட்டும் வேலையை எழுதிய வரியில் விரலை வைத்து, "இதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டலாம் ஐயா" என்றார். அம்மா கொழுந்து பறிப்பவர்.

பதில் இன்னும் வரவில்லை. இந்த வேலை கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது; உயரம், மார்பளவு, ஓட்டம் என்று இன்னும் எத்தனையோ இருக்கின்றன. சென்ற வாரம் பஸ் நிலையத்தில் கண்டபோது, பதிவுத் தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.