படிவத்திலேயே முடிந்துபோகும் விருது

சினிமாவுக்கு வெளியே பாடுகிறவர்களுக்கு நம் நாட்டில் மேடை குறைவு. தமிழ்நாட்டில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்று ஆகிவிட்டது. இந்த நிலைமையில், சுயாதீன இசைக் கலைஞர்களில் புதிதாக வருகிறவர்களைத் தேடி ஆண்டுதோறும் யாராவது விருது கொடுத்தால் அதை நாங்கள் வரவேற்கவே செய்கிறோம். பெங்களூரில் 2004இல் தொடங்கப்பட்ட டோட்டோ ஃபண்ட்ஸ் தி ஆர்ட்ஸ் அமைப்பு எழுத்து, புகைப்படம் ஆகியவற்றோடு இசைக்கும் 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விருது தருகிறது. ஒன்றிய அரசின் சங்கீத நாடக அகாடமி 40 வயது வரையிலான கலைஞர்களுக்கு, 2006இல் தொடங்கிய உஸ்தாத் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்காரைக் கொடுத்துவருகிறது. இவை தவிர பத்திரிகைகளும் நிறுவனங்களும் இசை விழாக்களும் நடத்தும் ‘வளர்ந்து வரும் கலைஞர்’ விருதுகள் வேறு இருக்கின்றன.

இந்த விருதுகளைப் பற்றிய விவாதம் வழக்கமாக முடிவு வந்த பிறகுதான் நடக்கும். நடுவர் யார், யாருக்குக் கொடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்று பேசுவோம். எங்கள் அனுபவத்தில் நடுவர் உட்காருவதற்கு வெகு முன்னாலேயே பாதி முடிவு ஆகிவிடுகிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

வடசென்னையில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பகத்தில் வளர்ந்த பிள்ளைகள் ஐந்து பேர் ஒரு கானா குழு வைத்திருக்கிறார்கள். நான்கு பையன்கள், ஒரு பெண். டோலக், தபேலா, ஒரு பழைய கீபோர்டு. சாவு வீட்டுக் கச்சேரிதான் அவர்களுடைய முக்கிய வருமானம். இறந்தவரின் பெயர், அவர் செய்த வேலை, அவர் விட்டுப்போன பிள்ளைகள் எல்லாவற்றையும் உறவினர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றிரவே பாட்டாகக் கட்டிப் பாடுவார்கள். விடிகிற வரைக்கும் பாட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்களுக்காக ஒரு தேசிய அளவிலான விருதுக்கு விண்ணப்பித்தோம். அந்த விருதின் பெயர் இங்கே தேவையில்லை. அந்தப் படிவத்தின் கேள்விகள் பல இடங்களில் கேட்கப்படுகிறவைதான்.

முதல் கேள்வி இசை வகை. ராக், எலக்ட்ரானிக், ஹிப்ஹாப், ஜாஸ், ஃபோக் ஃப்யூஷன் என்று பட்டியல் இருந்தது. கானா இல்லை. ‘மற்றவை’ என்பதில் எழுதினோம்.

அடுத்தது, ‘முழுக்க உங்கள் சொந்தப் படைப்பா?’ என்ற கேள்வி. கானாவில் மெட்டு பொதுச்சொத்து. ஒருவர் பாடிய மெட்டில் இன்னொருவர் தன் சொற்களைப் போடுவார். ஒரே பாட்டை நான்கு பேட்டையில் நான்கு விதமாகப் பாடுவார்கள். ‘இசையமைப்பாளர் பெயர்’ என்ற கட்டத்தில் யாருடைய பெயரை எழுதுவது?

மூன்றாவது வயது. 30க்குள் இருக்க வேண்டும். குழுவின் முதன்மைப் பாடகருக்கு அப்போது 34. பதினான்கு வயதில் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர், இருபத்தெட்டில்தான் மைக் பிடித்தார். வீட்டிலேயே கிட்டார் வாங்கிக் கொடுத்துப் பத்து வயதில் வகுப்புக்கு அனுப்பப்பட்ட பிள்ளைக்கும் இவருக்கும் ஒரே வயது வரம்பு.

நான்காவது, நேரடி நிகழ்ச்சியின் தரமான காணொளி. எங்களிடம் இருந்தது போனில் எடுத்தது. பாட்டுக்குப் பின்னால் ஒப்பாரி கேட்கிறது, ஜெனரேட்டர் ஓடுகிறது. ஸ்டூடியோவில் பதிவு செய்து கொடுங்கள் என்றால், அங்கே ஒரு நாள் செலவு குழுவின் ஒரு மாத வருமானம். கடைசியாக, 200 சொற்களில் ஆங்கிலத்தில் கலைஞர் குறிப்பு. அதை நாங்கள் எழுதிக் கொடுத்தோம். ஆங்கிலம் தெரிந்தவர்கள் பக்கத்தில் இல்லாத குழு என்ன செய்யும்?

வயது விதியைத் தளர்த்த முடியுமா என்று கடிதமும் இணைத்திருந்தோம். ஒரு மாதம் கழித்து பதில் வந்தது. மரியாதையான பதில்தான். உங்கள் குழு எங்கள் பிரிவுகளுக்குப் பொருந்தவில்லை, நாட்டுப்புறக் கலை விருதுகளுக்கு முயற்சி செய்யுங்கள் என்றிருந்தார்கள். அதையும் செய்தோம். அங்கே சொன்ன காரணம், கானா நகரத்துப் பாட்டு, நாட்டுப்புறக் கலையில் சேராது. ஒருவருக்கு நாங்கள் போதுமான அளவு நவீனம் இல்லை, இன்னொருவருக்குப் போதுமான அளவு பழசு இல்லை.

இந்தக் கேள்விகள் எதிலும் சாதி என்ற சொல் வரவில்லை. படிவத்தை எழுதியவர் மனதில் சாதி இருந்தது என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அவர் மனதில் ஒரு கலைஞரின் உருவம் இருந்திருக்கிறது. அந்தக் கலைஞருக்கு ஆங்கிலம் தெரியும், லேப்டாப் இருக்கும், தன் பெயரில் பதிவு செய்த பாடல்கள் இருக்கும், முப்பது வயதுவரை சம்பாதிக்காமல் இருக்க வீடு இடம் கொடுக்கும். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ இதைப் பண்பாட்டு மூலதனம் என்றார். பரம்பரையாக வந்தது தனிப்பட்ட திறமை போலத் தெரிவதுதான் அதன் வேலை. இந்தியாவில் அந்தப் பரம்பரைக்குச் சாதி என்று பெயர்.

இதற்காக நம் இசை காத்திருக்கவும் இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடை ஏறியது. பண்டிதர் அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து வந்த பெயர் அது. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் நின்றன. அந்தக் குழுவின் கானா பாடகி இசைவாணியை 2020இல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. பஞ்சாபில் கின்னி மாஹி, ஒடிசாவிலிருந்து சுமீத் சமோஸ் என்று அம்பேத்கரைப் பாடும் இளைஞர்கள் நாடெங்கும் வந்தார்கள். இவர்களை விருது உருவாக்கவில்லை, மக்கள்தான் கேட்டார்கள்.

புகழ் வந்த பிறகும் பெயர் விடுபடுவது நிற்பதில்லை. ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021இல் உலகமெல்லாம் ஒலித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் பாடகி தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். பாடலை எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய அறிவு இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அவருக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது.

அப்படியானால் இந்த விருதெல்லாம் நமக்கு எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. லண்டனில் கறுப்பின இசையைப் பெரிய விருதுகள் சரியாகக் கண்டுகொள்ளாத காலத்தில், கான்யா கிங் 1996இல் மோபோ விருதுகளைத் தானே தொடங்கினார். நீலம் நடத்தும் ‘மார்கழியில் மக்களிசை’யும் அப்படி நாமே போட்டுக்கொண்ட மேடைதான். அது வளர வேண்டும்.

ஆனால் இதே கேள்வியை எங்கள் குழுவின் டோலக் தம்பியிடம் கேட்டபோது அவன் வேறொன்று சொன்னான். “அக்கா, அவார்டு வந்தா ஒரு சர்ட்டிபிகேட்டு குடுப்பாங்கல்ல? நைட்டு கச்சேரி முடிச்சிட்டு வரச்சொல்லோ போலீஸ்காரு நிறுத்துனா அத்த காட்டலாம். இப்போ இன்னா சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாரு.”

எங்களில் யாருக்கும் உடனே பதில் சொல்ல வரவில்லை. விருது என்றால் எங்களுக்கு அங்கீகாரம், பிரதிநிதித்துவம். அவனுக்கு அது அதிகாலை மூன்று மணிக்கு டோலக்கோடு தெருவில் நடந்து வருவதற்கான சான்று. கச்சேரிக்குச் சரியான கூலி கேட்கவும், வங்கியில் கடன் கேட்கவும், கல்லூரியில் வகுப்பெடுக்க அழைக்கப்படவும் அந்தத் தாள் உதவும். அதனால்தான், வேண்டாம் என்று நாம் அவன் சார்பில் சொல்லிவிட முடியாது.

மாற்றம் முடியாத காரியமும் இல்லை. கனடாவில் 2006 முதல் வழங்கப்படும் போலாரிஸ் இசைப் பரிசு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கானது. புதியவர்களுக்கு மட்டுமானதல்ல. ஆனால் அதற்குக் கலைஞர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, நடுவர்களே கேட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். விற்பனையும் இசை வகையும் கணக்கில் வராது. 2014இல் இன்யூட் பழங்குடிப் பாடகி தான்யா தகாக் அதைப் பெற்றார். 2018இல் ஜெரமி டட்சர் பெற்றார். அருங்காட்சியகத்தில் கிடந்த நூறாண்டுப் பழமையான மெழுகு உருளைப் பதிவுகளிலிருந்து தன் மக்களின் பாடல்களை எடுத்து, பேசுவோர் மிகவும் குறைந்துபோன வோலஸ்தோகே மொழியில் அவர் செய்த ஆல்பம் அது. ‘சொந்தப் படைப்பா?’ என்ற கட்டத்தில் அவரை நிறுத்தியிருந்தால் அந்தப் பரிசு அவரிடம் போயிருக்காது. 2024இல் அவருக்கே மறுபடியும் கிடைத்தது.

விருது நடத்துகிறவர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பிறந்த தேதியை விட்டுவிட்டு, மேடையேறி எத்தனை ஆண்டு ஆனது என்று கேளுங்கள். ஆங்கிலக் குறிப்புக்குப் பதில், தாய்மொழியில் பேசி அனுப்பும் ஒலிப்பதிவை ஏற்றுக்கொள்ளுங்கள். மெட்டு மரபிலிருந்து வந்தது, சொல் குழுவுடையது என்று எழுத ஒரு கட்டம் வையுங்கள். டோலக் வாசிப்பவர் வரை எல்லார் பெயரும் விருதில் வரட்டும். நுழைவுக் கட்டணம் வேண்டாம். நடுவர் குழுவில் தலித், பழங்குடிக் கலைஞர்கள் இருக்கட்டும், அவர்கள் பெயர்களை முன்பே வெளியிடுங்கள். போன் காணொளி தெளிவாக இல்லையென்றால் ஒரு நடுவர் நேரில் வந்து கேட்கட்டும். வியாசர்பாடிக்கும் காசிமேட்டுக்கும் பேருந்து இருக்கிறது.

இந்தக் கோரிக்கைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கடிதமாக எழுதிவிட்டோம். இந்த ஆண்டு விண்ணப்பம் கோரும் ஒவ்வொரு விருதுக்கும், குழுவின் விண்ணப்பத்தோடு அதையும் சேர்த்து அனுப்புவோம். பறை, ஒப்பாரி, கானா, கூத்து என்று உங்கள் ஊரில் குழு வைத்திருப்பவர்களும் இதையே உங்கள் பெயரில் அனுப்புங்கள். பத்து இடத்திலிருந்து ஒரே கடிதம் போனால், ‘பிரிவுக்குப் பொருந்தவில்லை’ என்று பதில் எழுதுவது அவர்களுக்கு அவ்வளவு சுலபமாக இருக்காது.

ஜெய்பீம்.