கறளுக்குக் கறளே காவல்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழ்வோருக்கு இரும்பின் நிலையாமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. யன்னற் கம்பி, மிதிவண்டிச் சங்கிலி, பிரெட்ரிக் கோட்டையின் பழைய பீரங்கி ஆகிய யாவற்றையும் உப்புக் காற்று ஒன்றுபோலவே தின்கிறது.

தம்பலகாமத்தில் வயல் செய்யும் என் மாமாவிடம் பன்றியை வெருட்ட ஒரு துவக்கு உண்டு. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி ஆண்டுதோறும் அதற்கு உரிமம் புதுப்பித்து வருகிறார். அதன் குழலிலே, இடக்கை பற்றும் இடத்தில் மட்டும் கருநீல மெருகு தேய்ந்து வெளுத்திருந்தது. 30 ஆண்டு வியர்வையின் வேலை அது. சென்ற விடுமுறையில் அதைக் கண்ட நான், இரசாயனவியல் கற்பிப்பவன் என்ற செருக்கோடு, அவர் முன்னிலையிலேயே குழல் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்தேன். வெள்ளிபோல் மின்னியது. இரண்டே நாளில் செந்நிறக் கறள் படர்ந்தது.

"மினுக்கம் வந்தது, மருமகன், காவல் போய்விட்டதே!" என்றார் மாமா. ஏசியிருந்தால் அவ்வளவு வருந்தியிரேன்.

அந்த நீலம் வெறும் சாயமன்று. அதுவும் ஒருவகைக் கறளே. செங்கறள் பொருக்காய் உதிர்ந்து ஈரத்தை உள்ளே விடும். 3 இரும்பணுவும் 4 ஒட்சிசன் அணுவும் என்ற அளவிற் கூடிய கருங்கறளோ, இரும்பை இறுகப் பற்றி, பூசிய எண்ணெயைத் தன்னிடத்தே தாங்கி நிற்கும். செங்கறளைக் கொதிநீரில் அவித்துக் கருங்கறளாக்குவது துவக்குச் செய்யும் கம்மியர் கண்ட பழைய வழி.

விரைவில் நிறம் தரும் கரைசல்கள் பலவற்றில் செலீனியச் சேர்மம் உண்டு, அது நஞ்சு. ஆதலால் பழைய வழியையே நாடினோம். தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்தபின் குழலைக் கழற்றி, சவர்க்காரமிட்டு எண்ணெய்ப்பசை நீக்கினோம். நீண்ட தகரத் தொட்டியில் மழைநீர் கொதிக்க, அரைமணி நேரம் அவித்தோம். செம்மை கருமையாயிற்று. உதிர்ந்ததை மென்மையான கம்பிநாரால் துடைத்து, ஈரக் காற்றில் மீண்டும் கறள் படியவிட்டு, மீண்டும் அவித்தோம். பகைத்த காற்றே இப்போது பணியாளாயிற்று. ஐந்தாம் முறையில், பழைய நிறத்தை ஏறக்குறைய எட்டிவிட்டோம்.

மாமாவின் கைத்தடத்தை மட்டும் எந்தக் கொதிநீராலும் மீட்க இயலவில்லை. அதைச் சொல்லி வருந்தினேன். அவர் சிரித்தார்.

"இன்னும் 30 வருடம் பிடித்தால் அது தானாக வந்துவிடும்."

மாமாவுக்கு இப்போது வயது 72. நான் ஒன்றும் சொல்லாமல் எண்ணெய்த் துணியை அவர் கையிற் கொடுத்தேன்.