கணக்கு வாத்தியார் போட்ட தப்புக் கணக்கு



நம் அறக்கட்டளைக்கு நான்தான் பொருளாளர். கணக்கு வாத்தியார் என்று தலையில் கட்டிவிட்டார்கள். ஆனால் இந்த ஜூனில் நான் போட்ட கணக்கே தப்பு.

கல்லூரிக் கட்டணம் ஜூனில் கட்டவேண்டும் என்பதால் ஜூனில்தான் உங்களிடம் கேட்டேன். அப்போது உங்கள் வீட்டிலும் பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை. உங்களைக் குறை சொல்ல முடியுமா? பணம் சேர ஆகஸ்ட் ஆகிவிட்டது. பி.எஸ்சி. கணிதத்தில் இடம் கிடைத்த ஒரு பிள்ளை அதற்குள் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். "பாத்துக்கலாம்மா" என்று அவள் அம்மாவிடம் சொன்னவன் நான்.

இனி வருடம் முழுவதற்கும் திட்டம் இது:

தீபாவளி: போனஸ் வரும் நேரம். ஒருமுறை கேட்போம்.

பொங்கல்: ஊருக்கு வருவீர்கள். நம்மால் படிக்கும் பிள்ளைகளையும், கணக்கு நோட்டையும் நேரில் பாருங்கள்.

மார்ச் 31க்குள்: நன்கொடைக்கான வரிச்சலுகை வேண்டுவோர் பான் எண்ணோடு வங்கி வழியாக அனுப்புங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்குப் புண்ணியம் மட்டும்தான்!

ஜூன்: கேட்கமாட்டோம். கட்டணம் கட்டுவோம்.

இதோடு, முடிந்தவர்கள் மாதம் 200 ரூபாய். 50 பேர் கொடுத்தால் வருடத்துக்கு 1,20,000. இந்தக் கணக்கு தப்பாது.

அந்தப் பிள்ளை வரும் ஜூனில் மறுபடி விண்ணப்பிக்கச் சம்மதித்திருக்கிறாள். இந்தமுறை அவள் அம்மாவிடம் நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. பணம் வங்கியில் சேர்ந்தபிறகு சொல்லிக்கொள்கிறேன்.