திருத்தணியில வாடகை வீடு

சென்னையில வேலை, திருத்தணியில வீடுன்னு யோசிக்கிறவங்க வாடகையை மட்டும் வெச்சுக் கணக்குப் போடாதீங்க. அரக்கோணம் வழியா மின்சார ரயில்ல போக மட்டுமே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகுது. சீசன் டிக்கெட் மலிவுதானேம்பாங்க. மலிவுதான், ஆனா பிள்ளைங்க முழிச்சிருக்கிற நேரம் ரயில்லயே போயிடுதே!

அரக்கோணத்துலயோ திருவள்ளூர்லயோ வேலைன்னா இந்த நந்தியாற்றங்கரை ஊரு அருமையான இடம். ஆனா சின்ன ஊர்தானேன்னு, துண்டுத்தாள்ல ஒரு கையெழுத்துகூட வாங்காம அட்வான்ஸ் கொடுக்கிறதுதான் பயமா இருக்கு. 2019ல அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் நகராட்சிக்கும் சேர்த்துதான்: எழுத்துல ஒப்பந்தம் வேணும், தனியா வேற மாதிரி ஒத்துக்கலைன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகையைத் தாண்டக் கூடாது. ஓனர் தங்கமான மனுஷன், எழுதிக் கேட்டா மனசு நோகும்ங்கிறாங்க. சரி, நாளைக்கு அவர் பிள்ளை வீட்டை வித்துட்டா, பணத்தை யார்கிட்ட போய்க் கேப்பீங்க?