கேப்பிட்டல் படமாளிகையும் நம் தீவுக் கொட்டகையும்

சிங்கப்பூருக்குச் சென்று மீளும் நம் தீவினர், முஸ்தபா கடையில் வாங்கிய பொருள்களைப் பற்றியும் வீரமாகாளியம்மன் கோயிலில் செய்த அர்ச்சனையைப் பற்றியும் விரிவாகச் சொல்வர். ஸ்டாம்ஃபோர்டு சாலையும் நார்த் பிரிட்ஜ் சாலையும் கூடும் மூலையில் நிற்கும் பழைய படமாளிகையைப் பற்றி எங்களிடம் எவரும் சொன்னதில்லை. அதனைக் காண்பதற்கென்றே நாங்கள் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினோம். எங்களுடன் வந்த மாமா, தம் இளமையில் போர்ட் பிளேரில் ஒரு சினிமாக் கொட்டகையில் சீட்டுக் கிழித்தவர். (அந்நகரின் பெயர் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என மாறிற்று. மாமாவின் வாயில் அது இன்னும் போர்ட் பிளேர்தான்.) மூடிக் கிடந்த கொட்டகை ஒன்று மீண்டும் திறக்கப்பட்டது என்று கேட்டதும், கடைத்தெருவையும் மறந்து அவர் புறப்பட்டுவிட்டார்.

படமாளிகைக்குள் செல்லுமுன், சாலைக்கு மறுபுறத்தில் வெண்மையாக நிற்கும் புனித ஆண்ட்ரூ பேராலயத்தைச் சிறிது நேரம் பார்த்தோம். நம்மவர் அதனைப் பார்க்கத் தனிக் காரணம் உண்டு. 1856-இல் தொடங்கி 1862-இல் வழிபாட்டுக்கு உரியதாக்கப்பெற்ற அவ்வாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1825-ஆம் ஆண்டில் பென்கூலனிலிருந்து சிங்கப்பூரில் முதன் முதலாகக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள் சென்னை மாகாணத்துக் கைதிகளே. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து, சுவரில் பூசி, பளிங்கு போல் மெருகேற்றும் கலை அவர்கள் கையோடு வந்தது. ‘மதராஸ் சுண்ணம்’ என்ற பெயரில் அங்கே இன்றும் அதனைப் பெருமையாகக் குறிப்பிடுகின்றனர். 1873-இல் சிங்கப்பூர்க் கைதிக் குடியிருப்பு மூடப்பட்டபோது, விடுதலை பெறாமல் எஞ்சியோர் எங்கே அனுப்பப்பட்டனர் தெரியுமா? நம் அந்தமானுக்குத்தான்! ஆலயத்துக்குச் சுவர் எழுப்பிய கைகளுள் சில நம் தீவின் மண்ணில் உறங்குகின்றன. மாமா நெடுநேரம் அச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிப் படமாளிகைக்கு வருவோம். பாரசீக மரபில் வந்த நமாசி என்னும் வணிகக் குடும்பத்தார் பணம் இட, கீஸ், டவுட்ஸ்வெல் என்னும் கட்டடக் கலைஞர்கள் வரைந்து கொடுக்க, 1930-இல் கேப்பிட்டல் திறக்கப்பட்டது. ஆயிரத்து அறுநூறு பேர் அமர்ந்து பார்க்கலாம். அந்நாளில் கீழ்த்திசையின் சிறந்த படமாளிகைகளுள் ஒன்றாக அதனை மதித்தனர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த மாதமே நம் தீவும் விழுந்தது. கேப்பிட்டலுக்கு ஜப்பானியப் பெயர் சூட்டி, ஜப்பானியப் படங்களைக் காட்டினார்கள். போர் ஓய்ந்து 1946-இல் ஷா சகோதரர்கள் அதனை வாங்கினர். அதன் பின் அரை நூற்றாண்டுக் காலம் படங்கள் ஓடின. 1998 டிசம்பரில் கதவு அடைபட்டது. பல திரைகள் கொண்ட புதுமுறை மாளிகைகள் பெருகிவிட்டன. ஆயிரத்து அறுநூறு நாற்காலிகளை ஒரே படத்தால் நிரப்ப முடியவில்லை. உலகெங்கும் ஒற்றைத் திரைக் கொட்டகைகளுக்கு வந்த நோய்தான் இது.

பதினாறு ஆண்டுகளுக்கு மேல் அது பூட்டிக் கிடந்தது. இடித்துவிடுவார்களோ என்று பலர் அஞ்சினர். 2007-இல் அரசு அதனைப் பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அறிவித்தது. பிறகு, அடுத்திருந்த பழைய மாளிகைகளையும் சேர்த்து ஒரே திட்டமாக்கி, கடைகள், குடியிருப்பு, விடுதி ஆகியவற்றின் வருவாயோடு படமாளிகையையும் பிணைத்தனர். 2015 மே மாதம் அது மறுபடியும் திறக்கப்பட்டது. கொட்டகை தன் வயிற்றுப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளாது என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்ட திட்டம் இது. எங்களுக்கு இது அறிவுடைமையாகவே தோன்றிற்று.

ஓர் இசை நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கி உள்ளே சென்றோம். மேடையின் இருபுறத்தும் சிறகு விரித்த குதிரைகள், அவற்றோடு நங்கையர். கிரேக்கப் புராணத்துப் பெகசஸ் என்னும் குதிரை அது. பழைய சுதைச் சிற்பங்களை உடையாமல் செப்பனிட்டிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் வட்டக் கூரையில் பன்னிரண்டு இராசிகள். “கோயில் மண்டபத்தில் பார்த்தது போல் இருக்கிறதே!” என்று மாமா வியந்தார். இருக்கைகள் இப்பொழுது ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. அவற்றிலும் ஒரு புதுமை உண்டு. பொறியின் துணையால் நாற்காலி வரிசைகள் புரண்டு தரைக்குள் மறைந்துவிடும். மேலே சமதரை தோன்றும். இன்று நாடகம், நாளை விருந்து என்று ஒரே கூடத்தை இருவகையாகவும் பயன்படுத்தலாம். இதனை எங்களுக்கு விளக்கியவர் அங்கே பணிபுரியும் ஒரு தமிழ் இளைஞர். அவரிடம் மாமா கேட்டார்:

“தம்பி, தரை டிக்கெட் எந்தப் பக்கம்?”

இளைஞர் சிரித்தார். “இல்லீங்க ஐயா, எல்லாமே நாற்காலிதான்.”

“சரி. வெள்ளிக்கிழமை என்ன படம் மாற்றுகிறீர்கள்?”

இதற்கு அவர் சிரிக்கவில்லை. “இங்கே தினமும் படம் ஓடுவதில்லை, ஐயா. விழா நாட்களில் காட்டுவோம். மற்றபடி கச்சேரி, நாடகம், கல்யாண விருந்து,” என்றார்.

கட்டடம் பிழைத்தது, வியக்கத்தக்க முறையில் பிழைத்தது. ஆயினும், மாலையில் கைவண்டிக்காரரும் கடைச் சிப்பந்தியும் சில்லறையை எண்ணிக் கொடுத்து நுழையும் கொட்டகை அங்கே மீளவில்லை. குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. இடிந்து தரைமட்டமாவதைவிட விருந்துக் கூடமாக வாழ்வது நன்றே. சென்னையில் வார்விக் மேஜர் என்பவர் 1913-இல் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் இரண்டே ஆண்டுகளில் அஞ்சல் துறையின் கைக்குப் போயிற்று. மௌண்ட் ரோடு அஞ்சலகத்தின் பகுதியானதால்தான் அது நின்றது. அதற்குப் பின் தோன்றிய கெயிட்டி முதலான எத்தனையோ கொட்டகைகள் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் தேக்கா சந்தைக்குச் செல்லும் வழியில் மெக்கென்சி சாலையில் ரெக்ஸ் என்னும் கொட்டகையைக் கண்டோம். கேப்பிட்டலின் அழகில் பத்தில் ஒரு பங்கும் இதற்கு இல்லை. 1946-இல் தோன்றியது, 1983-இல் மூடப்பட்டு வேறு தொழில்களுக்குப் போயிற்று. 2009-இல் அதனை மீண்டும் படக் கொட்டகையாகத் திறந்தபோது, பெரிய கூடத்தை மூன்று சிறு கூடங்களாகப் பிரித்து, இந்தியப் படங்களை முதன்மையாகக் கொண்டு நடத்தினர். அண்மையிலேயே தமிழர் நெருங்கிப் புழங்கும் தெருக்கள். ஆதலின் தமிழ்ப் படத்துக்கு ஆள் சேர்வதில் ஐயமில்லை. சிறகுக் குதிரைகளைவிட இந்தக் கணக்கே எங்கள் மனத்தில் அதிகமாகத் தைத்தது.

நிற்க. நம் தீவின் செய்தி என்ன? 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரில் வாழ்வோர் மூன்று லட்சத்து எண்பதாயிரம் பேர். அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாக உடையவர்கள். வங்காளியும் தெலுங்கரும் மலையாளிகளும் நம்மோடு கலந்து வாழ்கின்றனர். கடைத்தெருவில் அனைவர்க்கும் பொதுமொழி இந்தி. நம் பிள்ளைகளும் விளையாட்டில் இந்தியே பேசுகின்றனர். இத்தகைய ஊரில் ஐந்நூறு பேர் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து தமிழ் கேட்டு, ஒரே நேரத்தில் சிரித்த இடம் கோயில் திருவிழாவை விட்டால் கொட்டகை ஒன்றுதான்.

அந்நாளில் சென்னையிலிருந்து கப்பல் வர மூன்று நாள் ஆகும். கப்பல் வந்தால் அரிசியோடும் கடிதங்களோடும் படப்பெட்டியும் வரும். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று பதினொரு நிமிடம் ஓடும். பதினாறு சுருள் கொண்ட படம் மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதித்தால் பழைய படமே மறுவாரமும் ஓடும். மக்களும் மறுவாரமும் வருவார்கள்! ‘அந்தமான் காதலி’ (1978) திரையிட்டபோது, நடிகர் திலகத்தைப் பார்ப்பதை விட்டு, பின்னால் தெரியும் கடற்கரையையும் மரங்களையும் சுட்டிக் காட்டி, “அதோ நம்ம ஊர்” என்று கூச்சலிட்டதாக மாமா சொல்வார். 1964 ஒப்பந்தத்தின் பயனாக இலங்கையிலிருந்து மீண்டு கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பத்தினர், தலைநகருக்கு வரும்போது முதலில் மருத்துவமனைக்கும் அடுத்துக் கொட்டகைக்கும் செல்வது வழக்கமாம்.

எங்கள் பேட்டைக் கொட்டகை இன்று பூட்டிக் கிடக்கிறது. அதனைப் புதுப்பித்துத் திறக்கலாமே என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. கேப்பிட்டலைக் கண்ட கண்ணோடு எண்ணிப் பார்த்தோம்.

முதற்பகை மழை. ஆண்டுக்கு ஏறத்தாழ மூவாயிரம் மில்லிமீட்டர் பொழியும் ஊர் இது. கூரைத் தகட்டில் ஓர் ஆணி துருப்பிடித்தால் அதன் கீழே உத்தரம் ஊறும். ஊறிய மரத்தைக் கறையான் தேடி வரும். பராமரிப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு எதிரே உள்ள ராஸ் தீவே சான்று. (2018 முதல் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு.) வெள்ளையரின் நடனக் கூடமும் தேவாலயமும் ஆலமரத்து வேர்களுக்குள் சிக்கிக் கிடக்கின்றன, சில இடங்களில் சுவரை வேர்தான் தாங்குகிறது. இரண்டாவது நிலநடுக்கம். 2004 டிசம்பர் 26-இல் நகரத்தின் தரையே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்ததை நாம் மறக்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் அமரும் கூடத்தின் பழைய சுவரை அப்படியே நம்பலாகாது. வண்ணம் பூசுமுன் பொறியாளரைக் கொண்டு அடித்தளத்தையும் உத்தரங்களையும் சோதிக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு வளைவு கட்டும் செலவை இதில் போட்டால் நலம்.

எளிதாகிவிட்ட செய்தி ஒன்றும் உண்டு. படச்சுருளும் கார்பன் குச்சியும் போய்விட்டன. படம் இப்பொழுது வன்தட்டிலோ வான்வழியிலோ வருகிறது. இன்ன நாள் இன்ன காட்சிக்கு மட்டும் திறக்கும் மறைக்குறியும் உடன் வருகிறது. சென்னையிலிருந்து கடலடியில் இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு இட்ட கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10-இல் நம் தீவுகளை இணைத்துவிட்டது. இனிக் கப்பலைக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதே கம்பிவடம் வீட்டுக்குள்ளும் படத்தைக் கொண்டு வருகிறதே! மக்கள் ஏன் கொட்டகைக்கு வருவார்கள்? இதற்கு விடை காணாமல் கூரைக்குத் தகடு வாங்குவது வீண்.

எங்கள் எண்ணம் இது. ஐந்நூறு இருக்கைக் கூடத்தை அப்படியே திறவாமல் நூற்றைம்பது, இருநூறு இருக்கைக்குச் சுருக்க வேண்டும்; மீதி இடத்தில் கடைகளும் சிறு கூட்டம் நடத்தும் அறையும் வாடகை தரட்டும். தமிழ்ப் படத்தோடு வங்காளம், தெலுங்கு, மலையாளம், இந்தி ஆகியவற்றுக்கும் முறை வைக்க வேண்டும். தமிழருக்கு மட்டும் என்று நடத்தினால் மூன்றாம் மாதம் மூட நேரிடும். அனைவர்க்கும் என்று நடத்தினால் ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சியேனும் தமிழுக்குக் கிடைக்கும். மாமாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. கூடத்தைச் சுருக்கினால் அது கொட்டகையே அன்று என்கிறார். தரை டிக்கெட்டும் வேண்டுமாம்!

இப்பேச்சு சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. அக்கொட்டகையின் பழைய துண்டு விளம்பரம், சீட்டுக் கட்டை, உட்புறத்துப் புகைப்படம் ஆகியவை எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருந்தால் அன்பர்கள் கொண்டு வருக. மேடைக்கு மேலே இருந்த மரச் செதுக்கு வேலை எவ்வாறு இருந்தது என்பதில் மாமாவுக்கும் அவர் தோழருக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை. தச்சரிடம் சொல்வதற்கு ஒரு படமாவது வேண்டும்.