இரக்கம் மட்டும் போதுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாள்களும் பாம்பனிலும் மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்கும். கையில் காசு வற்றும் அந்நாள்களில்தான் பள்ளிக் கட்டணம், கல்லூரி விண்ணப்பம், வட்டிக் கடன் ஆகிய எல்லாம் ஒன்றுகூடி வந்து வாசலில் நிற்கும். சாமியார் பங்களாவுக்கும் அப்போதுதான் ஆட்கள் மிகுதியாக வருவார்கள்.

இவ்வாண்டும் அப்படி ஒரு தகப்பனார் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். “சாமி, இவள் பன்னிரண்டாம் வகுப்பு தேறிவிட்டாள். டவுனில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலைக்கு ஆள் கேட்கிறார்களாம். பங்குச் சாமியார் கடிதம் இருந்தால் உடனே சேர்த்துக்கொள்வார்கள். நல்ல பிள்ளை என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள்” என்றார்.

பேனாவை எடுத்தேன். ஆனால் கை ஓடவில்லை. ஏனென்றால் இதே போன்ற நாலு வரியை முன்பு ஒருமுறை எழுதிக் கொடுத்தவன் நான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே கரையில் வேறொரு பங்கில் இருந்தேன். மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்களை அன்போடு கவனித்துக்கொண்ட ஒரு பெண். நோயுற்ற பாட்டிக்கு இரவு பகலாகப் பணிவிடை செய்தவள். “இரக்கமும் பொறுமையும் உடையவள், செவிலியர் பணிக்கு மிகவும் ஏற்றவள்” என்று மனமாரச் சான்று எழுதினேன். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை எழுத எனக்கு என்ன தகுதி இருந்தது என்று இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கிளினிக்கில் அவளுக்கு வெள்ளை அங்கி கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் ஊசி போடப் பழக்கினார்கள். மருத்துவர் மாலையில்தான் வருவார். பகலில் அவளே தாதி, அவளே மருந்தாளர், பாதி நேரம் அவளே மருத்துவர். ஒருநாள் திருக்கை முள் குத்திய காலோடு ஒருவர் வந்தார். முந்தின நாள் மருத்துவர் எழுதியிருந்த ஊசியைப் போட்டாள். முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்க வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சில நிமிடங்களில் அவருக்கு உடலெல்லாம் தடித்தது; உதடு வீங்கியது; மூச்சு திணறியது. தெருவில் போன ஆட்டோவை நிறுத்தி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினார்கள். இறையருளால் பிழைத்தார்.

அன்றிரவு அவள் கோவில் படியில் உட்கார்ந்து அழுதாள். “சாமி, அதற்குப் போட வேண்டிய மருந்து அந்த அலமாரியிலேயே இருந்ததாம். அதன் பேர் கூட எனக்குத் தெரியாது” என்றாள். அட்ரினலின் என்பது அதன் பெயர். அவ்வகை ஒவ்வாமையில் முதல் சில நிமிடங்களுக்குள் தொடைத் தசையில் செலுத்தினால் பெரும்பாலும் உயிரைக் காக்கும் மருந்து. அவள் கைக்கும் அம்மருந்துக்கும் இடையே இருந்தது ஒரு கண்ணாடிக் கதவு மட்டுமே. பூட்டு கூட இல்லை.

அவள் நெஞ்சில் இரக்கம் குறைவாகவா இருந்தது? இல்லை. இரக்கம் நிறைந்திருந்ததனால்தான் அவள் அழுதாள்.

நல்ல சமாரியர் உவமையைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அவர் மனமிரங்கினார் என்பதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்வேன். அன்றுமுதல் அடுத்த வரியும் என் கண்ணில் படுகிறது. அவர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார், கட்டுப் போட்டார், தம் விலங்கின்மேல் ஏற்றிச் சாவடியில் சேர்த்தார். மது புண்ணைக் கழுவும், எண்ணெய் எரிச்சலைத் தணிக்கும் என்பது அக்கால மருத்துவம். அதை அவர் அறிந்திருந்தார். தம்மால் முடியாததை அடுத்தவரிடம் ஒப்படைக்கவும் அறிந்திருந்தார்.

ஒரு சிறு கிளினிக்கில் தாதியின் வேலைதான் என்ன? ஊசி போடுவது என்றே நாம் எண்ணுகிறோம். ஊசிக்கு முன் இருப்பதே பெரிய வேலை. இவர்தான் அந்த நோயாளியா, மருந்து அதுதானா, அளவு சரியா, எந்த வழியாக, எந்த நேரத்தில் என்று ஐந்தையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்; காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும்; ஒவ்வாமை பற்றிக் கேட்க வேண்டும். போட்ட பின்பு நோயாளியைச் சிறிது நேரம் உட்கார வைத்துக் கண்காணிக்க வேண்டும். போட்டதை எழுதி வைக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடலாகாது. துளைபடாத பெட்டியில் இட வேண்டும். இரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு. பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்புப் பைக்கு. இது 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதி. குப்பைமேட்டில் விளையாடும் நம் பிள்ளைகளின் காலை நினைத்தால் இவ்விதியின் அருமை புரியும். இரத்த அழுத்தம் பார்ப்பது எளிது என்பார்கள். வெயிலில் நடந்து வந்தவரை ஐந்து நிமிடம் அமரச் செய்யாமல் பட்டையைக் கட்டினால் வருவது பொய்க் கணக்கு. அப்பொய்க் கணக்கின்மேல் மாத்திரை எழுதப்படும்.

திருக்கை முள்ளுக்கும் முறை உண்டு. தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் காலை வைத்திருந்தால் நஞ்சின் வீரியம் தணிந்து வலி குறையும். வலியில் துடிப்பவருக்குச் சூடு தெரியாது. ஆகவே தாதி தன் கையை முதலில் அந்த நீரில் வைத்துப் பார்க்க வேண்டும். முள் உடைந்து உள்ளே தங்கியிருக்கிறதா, தடுப்பூசி எப்போது போட்டார் என்பதையெல்லாம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவர் இல்லாதபோது “இது என்னால் ஆகாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்று உரிய நேரத்தில் சொல்வதும் தாதியின் கடமையே. பயிற்சி பெறாதவரால் அதைச் சொல்ல இயலாது. தனக்கு என்ன தெரியாது என்பதே அவருக்குத் தெரியாதே!

கேட்ட இரகசியத்தைக் காப்பது பற்றி நான் நீட்ட வேண்டியதில்லை. சிறிய ஊர், எல்லாரும் உறவினர். ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்கிறவனுக்கு அதன் பாரம் தெரியும்.

அமெரிக்காவில் ‘பிராக்டிகல் நர்ஸ்’ என்றொரு நிலை உண்டு. ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சி, பிறகு தேர்வு, பிறகு உரிமம். மருத்துவருக்கோ மூத்த செவிலியருக்கோ கீழ்ப்பட்டே பணி. நம் நாட்டில் அதற்கு அருகிலுள்ளது துணைச் செவிலியர் படிப்பு, ஏ.என்.எம். என்பார்கள். 17 வயது நிறைந்து பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பெண்கள் சேரலாம்; இரண்டாண்டு. அடுத்த நிலையான ஜி.என்.எம். மூன்றாண்டு; பி.எஸ்சி. நான்காண்டு. படிப்பு முடிந்தபின் மாநிலச் செவிலியர் குழுமத்தில் பெயரைப் பதிய வேண்டும். அப்பதிவுக்கு அடிப்படை 1926-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டம். மாடி அறை ஒன்றில் ஆறு மாதம் நடத்தித் தங்க எழுத்துச் சான்றிதழ் தருகிற இடங்கள் பல இருக்கின்றன. அந்தச் சான்றிதழைக் கொண்டு பதிவு பெற முடியாது. பணம் கட்டுமுன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “இங்கே படித்தால் குழுமத்தில் பதிய முடியுமா?”

நம் திருச்சபையும் இதைக் கடினமாகவே கற்றது. டாக்டர் அன்னா டெங்கல் என்னும் ஆஸ்திரிய நாட்டுப் பெண்மணி, அன்றைய இந்தியாவிலிருந்த இராவல்பிண்டியில் 1920 முதல் மருத்துவப் பணி புரிந்தார். ஆண் மருத்துவர் தொடலாகாது என்ற வழக்கத்தால் தாய்மார் பிரசவத்தில் மடிவதைக் கண்டார். துறவறக் கன்னியர் பிரசவம் பார்ப்பதற்கோ அக்காலத்தில் திருச்சபையின் தடை இருந்தது. 1925-இல் மருத்துவ மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1936-இல் உரோமை அத்தடையை நீக்கியது. பதினோர் ஆண்டுகள் அவர் கேட்டது, கன்னியரின் அன்புக்கு முழுமையான மருத்துவக் கல்வி துணை நிற்க வேண்டும் என்பதையே. அன்பு மட்டும் அவர்களிடம் முன்பே இருந்தது.

என் பழைய கடிதத்தைக் கொண்டுபோன பெண், அந்நிகழ்ச்சிக்குப் பின் ஓராண்டு வீட்டிலேயே இருந்தாள். பிறகு அவளாகவே துணைச் செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். இன்று வேறொரு மாவட்டத்தில் கிராமங்களில் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியைச் சுமந்து நடக்கிறாள். அந்தப் பெட்டி இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதை என்னிடம் சொல்லிச் சிரித்தவள் அவளே.

இதையெல்லாம் அந்தத் தகப்பனாரிடம் சொன்னேன். மகள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “சரி சாமி. ஆனால் கிளினிக்கில் சேர்ந்தால் இந்த மாதமே சம்பளம் வரும். படிப்பு என்றால் இரண்டு வருஷம் நாங்கள் கட்ட வேண்டும். தடைக்காலம் வேறு” என்றார்.

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. கடிதம் எழுத எடுத்த தாளைத் திருப்பி வைத்தேன். கல்விக் கட்டணம், விடுதி, சீருடை, பேருந்துச் செலவு என்று மூவரும் ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினோம். அரசுப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தால் எவ்வளவு, பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் எவ்வளவு தாங்குவார்கள் என்று அந்தப் பெண்ணே கூட்டிப் பார்த்தாள். மாலைச் செபமாலை மணி அடிக்கும்வரை கணக்கு முடியவில்லை. மறுநாளும் வரச் சொல்லியிருக்கிறேன்.