மேல் விளிம்பில் ஒரு மைக்கோடு

எழுபதுகளின் பிற்பாதி. சென்னை ஐ.ஐ.டி.யின் கணினி மையம். ஜெர்மன் உதவியில் வந்த ஐ.பி.எம். 370/155 குளிரூட்டிய அறைக்குள் இருக்கிறது. அங்கே நடமாட்டம் ஆபரேட்டர்களுக்குத்தான். எங்களுக்கு வாய்த்தது கார்டில் ஓட்டை போட்டு ப்ரோகிராம் அடிக்கும் பஞ்சிங் அறை. எனக்கு அதுவே போதும்.

இரவு பத்து மணிக்கும் மெஷின்கள் ஓயவில்லை. கடைசி மெஷினில் ஒல்லியாக ஒருவர், பென்சிலால் எழுதிவந்த ஃபோர்ட்ரான் வரிகளை அடித்துக்கொண்டிருக்கிறார். வரிக்கு ஒரு கார்டு. கார்டுக்கு 80 கட்டம். 7-ஆம் கட்டத்தில் தொடங்கி 72-க்குள் முடிக்க வேண்டும். மிச்ச எட்டைக் கம்பைலர் கண்டுகொள்ளாது. வரிசை எண் போட்டுக்கொள்ளலாம். இவர் போடவில்லை. ஓர் எழுத்து பிசகுகிறது. விழுந்த ஓட்டையை அடைக்க முடியாதே. ‘டூப்’ விசையை அழுத்தி, சரியாக இருந்த வரைக்கும் புது கார்டில் பிரதி எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.

முடித்ததும் கார்டுக் கட்டை மேசையில் தட்டி நேராக்கி, மேல் விளிம்பில் ஸ்கெட்ச் பேனாவால் சாய்வாக ஒரு கோடு இழுக்கிறார். எழுந்தவர் நாற்காலிக் கால் தட்டித் தடுமாறுகிறார். தரையெங்கும் கார்டு.

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த மெஷினில் இருந்த மாணவி தன் வேலையை விட்டுவிட்டுக் குனிந்து பொறுக்குகிறார். இன்னொருவரும் வந்து உட்காருகிறார். ஒவ்வொரு கார்டின் தலையிலும் ஒரு மைப்புள்ளி. அது இருக்கும் இடம் பார்த்து அடுக்குகிறார்கள். கோடு மறுபடி கூடி வருகிறது. இரண்டு கார்டில் மட்டும் சந்தேகம். மேலே அச்சாகியிருக்கும் வரியைப் படித்து, லூப்புக்குள் எது முந்தி என்று பேசி முடிவு செய்கிறார்கள். அடுத்தவர் ப்ரோகிராமை அவ்வளவு அக்கறையாகப் படித்ததைப் பிற்பாடு நான் அதிகம் பார்த்ததில்லை.

கட்டு கவுன்ட்டருக்குள் போகிறது. ரிசல்ட் நாளைக்குத்தான். அவர் ஹாஸ்டலுக்குப் போகாமல் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு மாறிக்கும் மதிப்பு எழுதி, மெஷின் செய்யப்போவதைக் காகிதத்தில் தானே செய்துபார்க்கிறார். கல்லூரியில் நான் கண்ட படிப்பிலேயே ஆழமானது அந்தக் காத்திருப்பில் நடந்ததுதான்.

மறுநாள் மடிப்பு மடிப்பாக நீளும் பிரின்ட்-அவுட்டை அவரும் அந்த மாணவியும் விரித்துப் பார்க்கிறார்கள். விடை தப்பு. அவர் விரல் வரிவரியாக இறங்கி ஓரிடத்தில் நிற்கிறது.

“பூஜ்யம் அடிக்க வேண்டிய இடத்துல ‘ஓ’ அடிச்சிருக்கேன்.”

“அந்த ஒரு கார்டுதானே? வாங்க, மெஷின் காலியா இருக்கு.”